ஓட்டின்மேல் வெண்கட்டி

கையொப்பம் மங்கிய பழைய காணி உறுதியொன்று உங்கள் கைக்கு வருகின்றது. அக்கையொப்பத்தின்மேல் உங்கள் பேனாவை ஓட்டித் தெளிவாக்கி நீதிமன்றில் நீட்டுவீர்களா? நீட்டினால் வழக்கு மட்டுமன்று, மானமும் போகும். கமக்காரருக்கு இது தெரியும்; சட்டத்தரணிக்குச் சொல்லவே வேண்டியதில்லை. ஆயினும் ஈராயிரம் ஆண்டுப் பழமையான மட்பாண்ட ஓடுகளுக்கு இதனையே எம்மவருட் சிலர் செய்கின்றனர். கீறல் தெரியவில்லையாம்! வெண்கட்டியால் நிரப்புகின்றனர், மையாலும் வரைகின்றனர், படம்பிடித்து, "இதோ எமது முன்னோர் எழுத்து" என முழங்குகின்றனர். அது முன்னோர் எழுத்தன்று, முழங்குபவரின் எழுத்து.

அக்காலக் கறுப்புச் சிவப்புக் கலங்களுக்குக் கண்ணாடிப் பூச்சு இல்லை. சுட்ட மண் மையைக் குடிக்கும். குடித்ததை இலகுவில் விடாது. சூளைக்குப் போகுமுன் ஈரமண்ணிற் கீறிய கோட்டின் கரையில் மண் மென்மையாக ஒதுங்கி நிற்கும். சுட்டபின் கூரிய முனையாற் கீறிய கோடோ கரை சிதைந்து சொரசொரப்பாயிருக்கும். முன்னது குயவன் வேலைத்தலத்தில் இட்டது. பின்னது பெரும்பாலும் கலத்தை வைத்திருந்தவன் இட்டது. கோட்டுக்குள் இறுகிக் கிடக்கும் மண் அதன் பழமைக்குச் சாட்சி. இவை யாவற்றையும் வெண்கட்டி மூடிவிடும். வேரும் மண்வெட்டியும் தற்செயலாய் இட்ட கீறலையும் எழுத்தாக்கிவிடும்.

ஒரு கோட்டில் என்ன இருக்கின்றது என்பார் உளர். பிராமியின் 'ந'வைத் திருத்தியே தமிழின் 'ன' அமைந்தது. 'ல'வைத் திருத்தி 'ள' அமைந்தது. மயிரிழைக் கோடொன்றை நாம் கூட்டினால் பிராகிருதமும் தமிழாகிவிடும். திஸ்ஸமகாராமையில் ஜேர்மனியர் அகழ்ந்தெடுத்த ஓடொன்றை ஐராவதம் மகாதேவன் 2010இல் 'திரளி முறி' எனத் தமிழாகப் படித்தார். அதனை ஏற்காத அறிஞரும் உளர். இவ்வழக்கிற் பேசவேண்டிய முதற் சாட்சி அந்த ஓடே. இத்தகைய ஓட்டின்மேல் எம்மவர் ஒருவர் வெண்கட்டி தீட்டிவிட்டாரென்றால், எமது பழமையை மறுப்போருக்கு வேறென்ன வரம் வேண்டும்?

கந்தரோடையில் 1970இல் அகழ்ந்தபோது கிடைத்த ஓடொன்றில் 'தத்தனின் கலம்' என்ற பொருளிற் பிராகிருதம் உள்ளது. அதனை நாம் மறைக்கவும் வேண்டாம், தமிழாக்கவும் வேண்டாம். அதை உள்ளபடி காட்டினாலன்றோ, நாளை தமிழ் ஓடொன்றை நாம் காட்டும்போது பிறர் நம்புவர்?

தோட்டத்திற் கிணறு வெட்டுகையிற் கீறலுள்ள ஓடு வந்தால், தும்பால் தேய்த்துக் கழுவாதீர்கள். எந்தக் காணி, எத்தனை அடி ஆழம் எனக் கடதாசியில் எழுதிவைத்து, உரியவருக்கு அறிவியுங்கள். எழுத்தைப் பார்க்க வேண்டுமா? இருட்டறையில் ரோச் லைற்றைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து கோடு தானே எழும். வரைய விரும்புவோர் வேறு கடதாசியில் வரையட்டும். வெண்கட்டி தீட்டிய படத்தை வெளியிடும் நூதனசாலைகளும் நூலாசிரியர்களும் தீட்டாத படத்தையும் அருகில் வெளியிட வேண்டும். தீட்டாத படமின்றி வரும் எந்த வாசிப்பையும், அது எமக்கு எவ்வளவு இனித்தாலும், நாம் ஏற்கமாட்டோம்.