டி.வி. இருக்கட்டும், 9 மணிக்கு அணையட்டும்



"டி.வி. பார்த்தா பிள்ளைங்க கெட்டுப் போயிரும்" என்பார் ஒருவர். "அதுவும் இல்லாட்டி தோட்டத்துல வேற என்னங்க இருக்கு?" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆகவே பெட்டியைத் தூக்கி வீசுங்கள் என்று இந்தப் பகுதியில் எழுதப் போவதில்லை. அதை எப்போது அணைப்பது என்பதே நம் கேள்வி.

நன்மையை முதலில் சொல்லிவிடுவோம். மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. மின்சாரம் வராத லயங்களில் கார் பேட்டரியை வைத்துப் படம் பார்த்ததை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நாட்டு நடப்பு தெரிந்தது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2021-இல் கல்வி அமைச்சு 'டிடிக் டிவி' என்று பாடங்களுக்காகவே ஓர் அலைவரிசையைத் திறந்தது. கள்ளுக்கடைக்குப் போகும் கால், பந்தாட்டம் பார்க்க வீட்டில் தங்கினால் அதுவும் குடும்பத்துக்கு லாபம்தானே!

இனி கெடுதலுக்கு வருவோம். "கண் குருடாயிரும்" என்பது வெறும் பயமுறுத்தல். வெகுநேரம் பார்த்தால் கண் காயும், உறுத்தும், தலை வலிக்கும், குருடாகாது. ஆனால் ஒரு பிள்ளை எந்நேரமும் பெட்டிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தால் அதட்டாதீர்கள். அது கிட்டப்பார்வையாக இருக்கலாம். கிளினிக்கில் கண்ணைச் சோதித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே ஓடியாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்பதையும் மனதில் வையுங்கள்.

பெரிய நட்டம் தூக்கத்தில்தான். கணக்குப் போடுவோம். பெரட்டுக்குப் போக விடியற்காலை 4.30-க்கு எழும்புகிறீர்கள். பெரியவருக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அப்படியானால் இரவு 9.30-க்குக் கண் மூடியிருக்க வேண்டும். 11 மணி வரை நாடகம் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் போச்சு. வேலை நாள் ஆறில் 9 மணி நேரம்! ஒரு முழு இரவுத் தூக்கத்துக்கும் மேலான கடன் இது.

இந்தக் கடனை வசூலிப்பது யார்? பால் வெட்டும் கத்திதான். தூக்கக் கலக்கத்தில் கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் ஏச்சு. செம்பனையில் இன்னும் மோசம். குலை அறுந்து விழும் நேரத்தில் ஓர் அடி தள்ளி நிற்க மறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு வருவோம். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரத் தூக்கமாவது தேவை. காலை 6 மணிக்கு எழுப்பும் பிள்ளை இரவு 9-க்கே தூங்கியாக வேண்டும். ஆனால் நம் வீடுகள் சின்னவை. பெரியவர்கள் பெட்டியை அலறவிட்டு, "போய்ப் படுடா" என்றால் அவன் எங்கே படுப்பான்? மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறவனை மக்கு என்கிறோம். அவன் மக்கு இல்லைங்க, தூக்கம் போதாதவன்.

கைக்குழந்தைக்கு டி.வி. போட்டுச் சோறு ஊட்டும் தாய்மார்களே, உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதைக் கேளுங்கள்: 2 வயது ஆகும் வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். படம் பார்த்துக்கொண்டே தின்றால் வயிறு நிறைந்தது தெரியாது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று 2019 தேசிய ஆய்வு காட்டியது. தட்டோடு பெட்டி முன் உட்காரும் பழக்கம் அதற்குத் துணை போக வேண்டுமா?

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். குற்றம் முழுவதும் தொழிலாளி மீது இல்லை. திடலில் லாலான் மண்டி, மண்டபம் பூட்டிக் கிடந்தால், மனுஷன் டி.வி. பார்க்காமல் என்ன செய்வான்? விளையாட்டுத் திடலும் மண்டபமும் உடல்நலத்துக்கு மருந்து மாதிரி. உங்கள் தோட்டக் கிளைக் கூட்டத்தில் அவற்றைக் கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். சாப்பாட்டு நேரத்தில் பெட்டி வேண்டாம். இரவு 9 மணிக்கு அணைத்து விடுங்கள். அணைத்த கையோடு கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு படுக்காதீர்கள், அதுவும் டி.வி.தான், அளவுதான் சின்னது. விட்டுப்போன நாடகத்தை லீவு நாளில் பார்த்துக்கொள்ளலாம். விட்டுப்போன விரலை எங்கே போய்த் தேடுவது?

சிந்தியுங்கள், தோழர்களே! இன்றிரவே தொடங்குங்கள்.