ஆளைத் தேர்கிறார்களா, கூலியை அமுக்குகிறார்களா?

அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு பந்தாட்டம் உண்டு. பெரிய லீக்கில் 30 குழுக்கள். ஆண்டுதோறும் இக்குழுக்களின் முதலாளிகள் பள்ளி, கல்லூரி வாலிபர்களை வரிசைமுறை வைத்துப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். இதற்கு ‘டிராப்ட்’ என்று பெயர்.

எப்படித் தேர்கிறார்கள்? ஊர் ஊராகச் சுற்றும் ஆட்கள் ஒவ்வொரு வாலிபனின் அடி, அடியின் பலம், ஓட்டம், எறியும் கை, பந்தைத் தடுக்கும் திறன் ஆகியவற்றுக்கு 20 முதல் 80 வரை மார்க் போடுகிறார்கள். வீச்சின் வேகத்தை ராடார் அளக்கிறது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன்கூட இவ்வளவு பார்ப்பதில்லை! அப்படியும் கணக்கு தப்புகிறது. 1988இல் மைக் பியாசாவை 62ஆவது சுற்றில், 1,389 பேருக்குப் பிறகே எடுத்தார்கள். அவர் 2016இல் இவ்வாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

தோற்ற குழு முதலில் தேர்ந்தால் ஆட்டம் சமமாகும் என்கிறார்கள் முதலாளிகள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை என்ன? 1964இல் குழுக்கள் போட்டியிட்டதால் ரிக் ரைக்கார்ட் என்ற வாலிபருக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. 1965இல் டிராப்ட் வந்தது. முதலாவதாகத் தேர்வான ரிக் மண்டேக்குக் கிடைத்தது சுமார் 1 லட்சம்! தேர்ந்த குழுவைத் தவிர வேறெந்தக் குழுவுடனும் பேரம் பேசக்கூடாது என்பதே சட்டம்.

2012 முதல் ஒவ்வொரு குழுவும் புதியவர்களுக்குத் தரும் தொகைக்கு வரம்பு வந்தது. ஆகவே திறமையோடு, ‘இவன் எவ்வளவுக்குப் படிவான்?’ என்றும் பார்க்கிறார்கள். பள்ளி முடித்தவன் “கல்லூரிக்குப் போகிறேன்” என்று சொல்லிப் பேரம் பேசலாம். கல்லூரியும் முடித்தவனுக்குப் போக்கிடமில்லை. சில ஆயிரம் டாலருக்கே கையெழுத்திடுகிறான். அவனிடம் மிச்சம் பிடித்ததை வேறொருவனைப் பிடிக்கச் செலவிடுகிறார்கள்.

இந்த வரம்புக்கு ஆட்டக்காரர் யூனியனும் கையெழுத்திட்டது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1975இல், ஆயுள் முழுதும் ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட முறையை உடைத்த யூனியன்தான் அது. ஆயினும் வாசலுக்கு வெளியே நின்ற வாலிபர்களுக்குப் பேச்சுவார்த்தை மேஜையில் இடமில்லை. இல்லாதவனின் பங்கைத்தானே எவரும் எளிதில் விட்டுக்கொடுப்பர்?

சிறு லீக் ஆட்டக்காரர்களையும் 2022இல் யூனியன் சேர்த்துக்கொண்டது. விளைவு என்ன? 2023 ஒப்பந்தத்தில் அடிமட்டத்தாரின் ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 டாலராயிற்று.

தோழர்களே! வேலையில் நிலைத்தவர் மட்டும் காக்கும் உரிமை பாதி உரிமையே. நாளை உள்ளே வரப்போகிறவனுக்காகவும் இன்று பேசுவதே யூனியன்.