இவருக்குப் பதில் இவர்

2023 செப்டம்பர் 8 அன்று காலை ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த ஜி. மாரிமுத்து மாரடைப்பால் இறந்துபோனார். சென்னையில் அவருக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தபோதே, தமிழ் வீடுகளில் ஒரு கேள்வியும் எழுந்துவிட்டது: இனி அந்தத் தொடரில் குணசேகரனாக யார் வருவார்? கேட்கவே மனம் கூசும் கேள்விதான். ஆனாலும் கேட்காத வீடு குறைவு.

மாரிமுத்து ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014) ஆகிய படங்களை இயக்கியவர். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகியின் அப்பாவாக, கடைசிக் காட்சியில் கூனிக்குறுகி அவர் நின்றதை விமர்சகர்கள் மெச்சினார்கள். இருந்தும் தெருவில் யாரும் அவரை அந்தப் படத்தின் பெயர் சொல்லி அழைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கி, இரவு ஒன்பதரை மணிக்கு வந்த ஒரு தொடர் அவரை ஆதிமுத்து குணசேகரன் ஆக்கியது. “ஏய், இந்தாம்மா” என்ற இரண்டு சொல்லை அவர் இழுத்துப் பேசிய விதம், தொடரின் ஒரு அத்தியாயத்தைக்கூடப் பார்க்காதவர்களின் அலைபேசிக்கும் மீமாகப் போய்ச் சேர்ந்தது.

சீரியல் ரசிகர்களின் பேச்சை நம் ஊரில் விமர்சனமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சாப்பிட்டுக்கொண்டே ஒரு வார்த்தை, விளம்பர இடைவேளையில் ஒரு வார்த்தை, மறுநாள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அது. ஆனால் ஒரே முகத்தை வாரத்துக்கு ஆறு நாள், வருடக்கணக்கில் பார்க்கிறவருக்கு நடிப்பின் நுணுக்கம் பிடிபடாமல் போகாது. ஒரு நடிகர் எந்த இடத்தில் கடமைக்குக் கண்ணைக் கசக்குகிறார், எங்கே வசனம் மறந்து சமாளிக்கிறார் என்பதெல்லாம், படத்தை ஒரே முறை பார்த்துவிட்டு எழுதுகிறவரைவிட இவருக்கு நன்றாகவே தெரியும்.

மாரிமுத்து மறைந்த பிறகு சில வாரங்கள் குணசேகரன் இல்லாமலே கதையை ஓட்டினார்கள். அந்த நாட்களில் அடுத்தவர் யார் என்று பல பெயர்கள் அடிபட்டன. அக்டோபரில் வேல ராமமூர்த்தி வந்தார். ‘குற்றப் பரம்பரை’ நாவலை எழுதியவர், ‘மதயானைக் கூட்டம்’, ‘கிடாரி’ படங்களில் மிரட்டியவர். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். ரசிகர்கள் என்ன சொன்னார்கள்? இவரைப் பார்த்தால் பயம் வருகிறது, ஆனால் சிரிப்பு வரவில்லை என்றார்கள்.

அந்தக் குணசேகரனின் சூட்சுமத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லவில்லை. மதுரைப் பக்கத்துப் பெரிய வீடு, தம்பிகள் மூவர், அந்த வீட்டுக்கு வாழ வந்த படித்த மருமகள்கள், அவர்களை அடுப்படியை விட்டு நகரவிடாத ஒரு மூத்தவர் என்று எழுத்தில் அது அப்பட்டமான வில்லன் பாத்திரம். மாரிமுத்து அதற்குள் ஒரு நக்கலை வைத்தார். எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருந்து, தலையைச் சாய்த்து, இழிவான ஒரு சொல்லை வேடிக்கைபோல வீசுவார். கொடுமைக்காரர் எந்நேரமும் உறுமிக்கொண்டிருப்பதில்லை; ஜோக் அடிப்பார், தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார், வீடு முழுக்கச் சிரிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார். அப்படி ஒரு பெரியப்பாவையோ மாமாவையோ பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்குமா? வேல ராமமூர்த்தியின் கோபம் அசலானதுதான், குறை சொல்ல முடியாது. அது வேறொரு மனிதரின் கோபம் என்பதுதான் சிக்கல்.

ரசிகர்களின் இந்த ரசனைக்கு மறுபக்கமும் உண்டு. பெண்களை மதிக்காத ஒருவரை எதிர்த்துப் பெண்கள் நிமிர்வதுதான் கதை. ‘எதிர்நீச்சல்’ இயக்குநர் திருச்செல்வம் ஏற்கெனவே ‘கோலங்கள்’ (2003-2009) தொடரில் தேவயானியின் அபி பாத்திரத்தை மையமாக வைத்து ஆறு வருடம் கதை சொன்னவர். இங்கே ஈஸ்வரியாக கனிகா, நந்தினியாக ஹரிப்ரியா, ரேணுகாவாக பிரியதர்ஷினி என்று தேர்ந்த நடிகைகள் இருந்தும், மக்கள் திரும்பத் திரும்பப் பகிர்ந்த துண்டுக் காட்சிகள் பெரும்பாலும் குணசேகரனுடையவை. வெறுக்கவேண்டியவரை ரசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் அசிங்கப்படும் நாளுக்காக ஏங்கியவர்களே, அவர் வராத நாளில் சேனலை மாற்றினார்கள்.

சீரியல் ரசிகரைப்போல் சினிமா ரசிகரின் அபிப்பிராயத்துக்கு அவசரம் இல்லை. 2003 பொங்கலுக்கு வந்து தோற்ற ‘அன்பே சிவம்’ படத்தையும், 2010 பொங்கலுக்கு வந்து குழப்பம் என்று ஒதுக்கப்பட்ட ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தையும் பிற்பாடு தூக்கி நிறுத்தியவர்கள் ரசிகர்களே. அதனால் அந்தப் படங்களில் ஒரு காட்சிகூட மாறிவிடவில்லை. தொடர் அப்படியல்ல, பார்ப்பவர் பேசப்பேச அது எழுதப்படுகிறது. ‘பாரதி கண்ணம்மா’ தொடரில் கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது ஊரே கேலி செய்தது. அந்தக் கேலியே தொடருக்கு விளம்பரமாகவும் ஆனது. பிறகு 2021இல் கண்ணம்மாவாக நடித்த ரோஷினி ஹரிப்ரியன் விலகி வினுஷா தேவி வந்தபோது, அதே ஊர் பழைய கண்ணம்மாவுக்காக வக்காலத்து வாங்கியது.

தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு வியாழக்கிழமைதோறும் வெளியிடும் டி.ஆர்.பி. புள்ளிவிவரத்தைத்தான் சேனல்கள் வேதமாக எடுத்துக்கொள்கின்றன. நாடு முழுவதும் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளில் பொருத்திய மீட்டர்களிலிருந்து வருவது அது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அந்த மீட்டர் சொல்லிவிடும். நல்ல நடிப்புக்காகப் பார்த்தார்களா, திட்டுவதற்காகப் பார்த்தார்களா, ரிமோட் கைக்கு எட்டாமல் பார்த்தார்களா என்பது அதற்குத் தெரியாது. புள்ளி இறங்கியதும் ஒரு கடத்தலையோ விபத்தையோ கதையில் திணிக்கிறார்கள். பயம் இருக்கிறது, சிரிப்பு இல்லை என்று பார்வையாளர் சொன்னது எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

‘எதிர்நீச்சல்’ 2024 ஜூனில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று திரும்பி வந்தபோது கதாநாயகி ஜனனியாக நடித்த மதுமிதா இல்லை, வேறொருவர் வந்தார். முணுமுணுப்பு எழுந்தது, ஆனால் குணசேகரனுக்கு எழுந்த அளவுக்கு இல்லை. பெண்கள் எதிர்த்து நிற்பதைச் சொல்லும் ஒரு தொடரில், ஆள் மாற்றமுடியாத பாத்திரமாக அவர்களை அடக்குகிறவர் ஆகிப்போனதைத் தயாரிப்பாளர்கள் எப்படிப் படித்தார்களோ, வேல ராமமூர்த்தியை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள்.