பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பி

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தர்மபுரத்தைத் தாண்டி இரவில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு, தாரில் படுத்திருக்கும் மாடு தூரத்திலேயே தெரிய வேண்டும். அதனால்தான் எங்கள் இளைஞர்கள் தாங்களாகவே கூடுதல் லைற்றும் பெரிய ஹோனும் பூட்டுகிறார்கள். அதில் நான் குற்றம் காண மாட்டேன். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண் இது. ஆனால் பூட்டிய பிறகு பியூஸ் எரிந்தால், அந்த இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கத்தை என்னால் ஏற்கவே முடியாது. எங்கோ வயர் தேய்ந்து சேசிஸில் முட்டுகிறது, அல்லது மின்னோட்டம் அளவு மீறுகிறது என்பதைத்தான் எரிந்த பியூஸ் சொல்கிறது. 35 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 அம்பியர் போதும். அதே வயரில் 100 வாட் பல்பைப் போட்டால் 8 அம்பியருக்கு மேல் ஓடும்; சுவிச்சும் கப்ளரும் உருகுவது அதனால்தான். முதலில் புதிதாகப் பூட்டியதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிறகு மல்ரிமீற்றரை எடுங்கள். நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் நிற்கும். எஞ்சினை முறுக்கினால் 14ஐ ஒட்டி ஏற வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றரைச் சந்தேகியுங்கள். ஏறாமலே நின்றால் சார்ஜ் போகவில்லை. கூடுதல் லைற்றுக்குப் பற்றரியிலிருந்து தனி வயர், தனிப் பியூஸ், ஒரு ரிலே, இவ்வளவுதான் தேவை. பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்றிய வயர்கள் பெற்றோல் டாங்கியின் அடியால் போகின்றன, தம்பிமாரே. செப்புக் கம்பியை இன்றைக்கே கழற்றிவிட்டு, உரிய அளவு பியூஸைப் போடுங்கள்.