வீட்டில் விட்டு வந்த பிள்ளைகள்

மாலை வேளையில் உள்நோயாளிப் பிரிவின் நடைகூடத்தில் அதிகம் கேட்கும் கேள்வி நோயைப் பற்றியதன்று. "பிள்ளைகள் சாப்பிட்டார்களா?" என்பதே அது. காட்டுமன்னார்கோவில், புவனகிரி, கிள்ளைப் பக்கங்களிலிருந்து கணவருக்கோ மாமியாருக்கோ துணையாக வந்து தங்கியிருக்கும் தாய்மார் கைப்பேசியில் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பெற்றோர் மருத்துவமனையில் இருக்கும் அந்நாட்களில் வீட்டிலுள்ள குழந்தைக்கு யார் பொறுப்பு? பாட்டியோ சித்தப்பாவோ மட்டும் அல்லர்; அந்தத் தெருவே பொறுப்பு என்பது என் கருத்து.

இது நம் மாவட்டத்துக்குப் புதிய வழக்கமன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரையிலான மீனவர் குப்பங்களைச் சிதைத்தபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் சமைத்தளித்த உணவு பல குடும்பங்களின் பசியாற்றியது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கெனக் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரியிலும் அரசு காப்பகங்களை அமைத்தது. "யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரித்துவிட்டுச் சோறிட அன்று நேரமில்லை.

ஆனால் துன்பம் நான்கு சுவருக்குள் நிகழ்ந்தால் நாம் தயங்குகிறோம். "அவர்கள் குடும்ப விவகாரம்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்களே. ஆகவே "தெரிந்தவர்தானே" என்பது பாதுகாப்பாகாது.

சொல்லும் காரணத்தோடு பொருந்தாத காயம், திரும்பத் திரும்ப வரும் காயம், ஒருவரைக் கண்டதும் குழந்தை ஒடுங்குதல், திடீரென்று பள்ளிக்குச் செல்ல மறுத்தல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று மட்டுமே குற்றத்துக்குச் சான்றாகிவிடாது. எனினும் கேட்காமல் கடந்து போகவும் கூடாது. பராமரிப்பின்மை வேறு, வறுமை வேறு என்பதையும் மறக்கலாகாது. நோயாலும் கடனாலும் தளர்ந்த தாய்க்குப் பழிச்சொல் உதவாது. ஒருவேளை உணவும், இரண்டு மணி நேரத் துணையும் உதவும்.

குழந்தை ஏதேனும் சொல்ல முற்பட்டால் குறுக்கிடாமல் கேளுங்கள். "உன்மேல் தவறில்லை" என்று கூறுங்கள். பலர் கூடித் துருவித் துருவி விசாரிக்காதீர்கள். குழந்தையின் பெயரை ஊரில் பரப்பாதீர்கள். மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். அல்லது 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழையுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்கு அச்சட்டமே பாதுகாப்பும் அளிக்கிறது. காவல்துறையின் ஆவணம் இல்லை என்பதற்காக எந்த மருத்துவமனையும் அக்குழந்தைக்கு அவசரச் சிகிச்சையை மறுக்க இயலாது.

தகவல் சொன்னால் ஒரு குடும்பம் சிதைந்துவிடுமே என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் இயல்பானது. ஆனால் தகவல் தருவது தீர்ப்பு வழங்குவதன்று. உண்மையை ஆராய்வதற்கு அதிகாரிகளும் குழந்தைகள் நலக் குழுவும் உள்ளனர். நம் மௌனத்தின் விலையையோ குழந்தை ஒன்றே தனியாகச் செலுத்துகிறது.

உங்கள் தெருவில் ஒரு வீட்டார் நோயாளியுடன் இங்கே தங்கியிருந்தால், இன்று மாலை அவ்வீட்டின் கதவைத் தட்டுங்கள். "சாப்பிட்டாயா கண்ணு?" என்று கேளுங்கள். அக்குழந்தையைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்பது அக்குழந்தைக்கும் தெரியும். தீங்கு எண்ணுபவர்க்கும் தெரியும்.