350சிசி பைக்கை டூரிங்குக்கு ரெடி பண்றீங்களா? சைலன்ஸரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைத்தால் போதும், கொல்லிமலை, வால்பாறை என பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் இளைஞர்கள். இப்படி லாங் டிரைவ் போகிறவர்களுக்கு அடுத்த ஆசை பெரிய பைக். ஆனால் ஜிஎஸ்டி மாற்றத்துக்குப் பிறகு அந்த ஆசையின் விலை கூடிவிட்டது. அதனால் "இருக்கிற வண்டியையே கொஞ்சம் அப்கிரேடு பண்ணிக்கலாமா?" என்ற கேள்வி எழுகிறது.

பண்ணலாம். ஆனால் முதல் செலவை எதில் செய்கிறோம் என்பதில்தான் பயணத்தின் சுகமும் பாதுகாப்பும் இருக்கிறது. சட்டச் சிக்கல் வருமா, வராதா என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

ஜிஎஸ்டியில் என்ன மாறியது?

2025 செப்டம்பர் 22 முதல் 350சிசி வரையிலான பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350சிசிக்கு மேல் உள்ளவற்றுக்கு செஸ் சேர்த்து 31 சதவீதமாக இருந்த வரி, 40 சதவீதமானது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வரிக்கு முன் ரூ.1.5 லட்சம் உள்ள 350சிசி பைக், முன்பு வரியோடு ரூ.1.92 லட்சம். இப்போது ரூ.1.77 லட்சம். வரிக்கு முன் ரூ.2 லட்சம் உள்ள பெரிய பைக், முன்பு ரூ.2.62 லட்சம். இப்போது ரூ.2.80 லட்சம். இரண்டுக்கும் நடுவே ரூ.70 ஆயிரமாக இருந்த இடைவெளி ரூ.1.03 லட்சமாகிவிட்டது. நிறுவனமே வரியின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டால் மட்டும் இது மாறும்.

வாகன உதிரி பாகங்களுக்கான வரியும் இப்போது 18 சதவீதம்தான். ஆக, கணக்கு அப்கிரேடு பக்கம்தான் சாய்கிறது.

முதல் செலவு எதில்?

பலரும் முதலில் கை வைப்பது சைலன்ஸரில். சவுண்டு மாறினால் பவரும் கூடிவிட்டதாக ஒரு நினைப்பு. உண்மையில் வரிசை கீழே இருந்து மேலே போக வேண்டும். ரோட்டைத் தொடுகிற டயரில் தொடங்கி, பிரேக், சஸ்பென்ஷன், சீட் என்று வந்து, இன்ஜின் கடைசியாகத்தான் வர வேண்டும்.

டயர்: பட்டன் தேயவில்லை என்பதற்காக பழைய டயரை நம்பக்கூடாது. வருஷம் போகப் போக ரப்பர் இறுகிவிடும், மழையில் பிடிமானம் குறையும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. புது டயர் போடும்போது கம்பெனி சொன்ன அளவையும், எடை தாங்கும் குறியீட்டையும் மாற்ற வேண்டாம். பார்க்க கெத்தா இருக்குன்னு அகலமான டயர் போட்டால், வளைவுகளில் வண்டி சாய மறுக்கும்.

பிரேக்: கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆயில் கொதிக்கிற நிலைக்குப் போகும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலில் இது 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உருவாகும், லீவர் கைக்குள் மெத்தென்று போகும், வண்டி நிற்காது. 2 வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும், தேய்ந்த பேடை மாற்றுவதும்தான் இந்த லிஸ்ட்டில் உயிரைக் காக்கும் அப்கிரேடு. இறங்கும்போது லோ கியரில் வருவது அதைவிட முக்கியம்.

சஸ்பென்ஷன்: இதில் முதல் படிக்கு காசே தேவையில்லை. உதாரணமாக ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் பின்பக்க ஷாக் அப்சார்பரில் 6 நிலைகளில் ப்ரீலோடு மாற்றும் வசதி இருக்கிறது. தனியாகப் போகும்போது வைத்த அளவிலேயே, பின்னால் ஒருவரும் இரண்டு பையும் ஏறிய பிறகும் ஓட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகு அடி வாங்கும். ரெண்டு படி ஏற்றிப் பாருங்க. அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் புது ஷாக் அப்சார்பரை யோசிக்கலாம்.

சீட், விண்ட்ஷீல்டு: 300 கிலோமீட்டர் தாண்டினால் வலி வருவது இன்ஜினால் அல்ல, உட்காரும் விதத்தால். நல்ல குஷன் சீட்டும், நெஞ்சில் அடிக்கும் காற்றைத் தடுக்கும் சின்ன விண்ட்ஷீல்டும் பெரிய வித்தியாசம் காட்டும்.

பவரைக் கூட்ட முடியாதா?

கிளாசிக் 350-ன் 349சிசி இன்ஜின் தருவது 20.2 பிஎச்பி. இன்ஜினைப் பிரிக்காமல் வெறும் சைலன்ஸர், ஏர் ஃபில்டரை மட்டும் மாற்றி இதைப் பெரிதாக உயர்த்த முடியாது. பிஎஸ்6 வண்டிகளில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை இசியு தீர்மானிக்கிறது. காற்று போகும் வழியையும் புகை வரும் வழியையும் மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு குழம்பி இன்ஜின் சூடாகலாம். இசியுவையும் மாற்றினால் வாரன்ட்டி போகலாம், புகை அளவும் விதியை மீறலாம். அதைவிட செயின் தளர்வைச் சரிபார்த்து, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தாலே இழந்த இழுவை திரும்ப வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களில் இருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால்:

* அனுமதியில்லாத மாற்றம் (பிரிவு 182ஏ): ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.
* சத்தம், புகை விதிமீறல் (பிரிவு 190): முதல் முறை ரூ.10,000 வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் பறிபோகும்.
* முன்பக்க ஸ்பாட் லைட்: ஆர்டிஓ-வின் முன் அனுமதி வேண்டும்.

அதே அளவு டயர், பிரேக் பேடு, சீட் குஷன் போன்றவை ஆர்சி விவரத்தைத் தொடுவதில்லை. சிக்கல் வருவது சைலன்ஸர், இன்ஜின், சேஸிஸ் பக்கம் போகும்போதுதான்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் இருந்து, விபத்துக்குப் பிறகு அது தெரியவந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். கூடுதலாகப் பொருத்திய பாகங்களை பாலிசியில் சேர்த்து, அதற்கான பிரீமியத்தையும் கட்டி, பில்களைப் பத்திரமாக வைப்பது நல்லது.

லாங் டிரைவுக்கு ஏற்ற பைக் என்பது ரோட்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற பைக் இல்லை. எழுபதாவது வளைவிலும் முதல் வளைவில் நின்ற மாதிரியே நிற்கிற பைக். அடுத்த டிரிப்புக்கு முன்னாடி சைலன்ஸர் கடைக்குப் போவதற்குப் பதிலாக, பிரேக் ஆயில் கடைசியாக எப்போ மாத்தினீங்கன்னு சர்வீஸ் புக்கைப் பாருங்க.