கொரியப் பாட்டும் நமது பிள்ளைகளும்

2024-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், கரூர் ஜில்லாவைச் சேர்ந்த மூன்று பெண் குழந்தைகள், எட்டாம் வகுப்பில் வாசிப்பவர்கள், பதின்மூன்று வயதினர், ஏறக்குறைய 14,000 ரூபாயை எடுத்துக்கொண்டு, வீட்டாரிடம் சொல்லாமல் ரயிலேறினார்கள். விசாகப்பட்டினம் சென்று, அங்கிருந்து கப்பலேறி, தென் கொரியாவின் தலைநகராகிய சியோலை அடைந்து, பி.டி.எஸ். என்னும் பாடகர் குழுவினரைக் கண்ணாரக் காண வேண்டுமென்பதே அவர்கள் கருத்து. சென்னை வரையில் சென்று, மனந்தளர்ந்து, திரும்பும் வழியில் காட்பாடி ஸ்டேஷனில் போலீஸாரால் காணப்பட்டு, காப்பாற்றப்பட்டனர். தெய்வாதீனமாக ஒரு தீங்கும் நேரவில்லை.

இச்செய்தி வெளியானபோது நாஞ்சில் நாட்டுப் பெரியோர் பலரும் வெகுண்டனர். அவ்வெகுளி இன்றும் தணிந்தபாடில்லை. “ஒரு சொல்லும் விளங்காத பாட்டுக்கு இத்தனை பித்தா? செல்போனைப் பிடுங்கி அடுப்பிலே போடுங்கள்” என்கிறார் ஒருவர். “அந்நிய மோகம் ஒழிந்தது என்றிருந்தோம்; மேற்கு வாசல் வழியே போனது கிழக்கு வாசல் வழியே வந்துவிட்டது” என்கிறார் மற்றொருவர். குழந்தைகள் வீட்டை விட்டுப் புறப்படுவது பேராபத்து என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஓடிப்போனதைக் கண்டிப்பது வேறு; அவர்கள் விரும்பிய பொருளைக் கண்டிப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாய்க் குழப்புவது நியாயமன்று. நாமும் அப்பாட்டுகளைக் கேட்பவரே. அந்நாட்டாரின் விஞ்ஞானக் கற்பனைப் படங்களை விரும்பிப் பார்ப்பவரே. நாற்பது வயதைக் கடந்த வக்கீலுக்கு இது தகுமா என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. நகைக்கட்டும்! நகைத்த பிறகு, கீழ்க்கண்ட விஷயங்களைச் சற்றே சிந்திக்கட்டும்.

கொரியா எத்தகைய தேசம்? 1910-ல் ஜப்பானியரால் விழுங்கப்பட்டு, முப்பத்தைந்து வருஷம் அடிமைப்பட்டுக் கிடந்த தேசம். 1919 மார்ச் 1-ந் தேதி அந்நாட்டார் ஆயுதமின்றித் தெருவில் இறங்கிச் சுதந்தர கோஷம் செய்தனர். சுட்டும் அடித்தும் சிறையிலிட்டும் ஜப்பானியர் அதை அடக்கினர். அவ்வியக்கத்தில் இளம் பெண்கள் கொண்ட பங்கை ஜவாஹர்லால் நேரு தமது மகளுக்குச் சிறையிலிருந்து எழுதிய கடிதமொன்றில் எடுத்துக் காட்டியுள்ளார். மஹாகவி தாகூர் 1929-ல் அத்தேசத்தை வாழ்த்திச் சில வரிகள் எழுத, அந்நாட்டுத் தினசரியொன்று அவற்றை வெளியிட்டது. அதன் பின்னரோ, ஜப்பானியர் கொரியரின் நாவின் மீதே கை வைத்தனர். 1938-ல் பள்ளிக்கூடங்களில் கொரிய பாஷை கட்டாயப் பாடம் என்ற நிலையை இழந்து, விரைவில் மறைந்தே போயிற்று. 1940-ல் ஜனங்கள் தம் பெயரையும் ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளுமாறு நெருக்கப்பட்டனர். 1942-ல், தாய்மொழிக்கு அகராதி தொகுத்துக்கொண்டிருந்த அறிஞர்கள் கைது செய்யப்பட்டனர். அவர்களில் இருவர் சிறையிலேயே மாண்டனர். முடிவில் 1945 ஆகஸ்டு 15-ந் தேதி அந்நாடு விடுபட்டது. சரியாக இரண்டு வருஷம் கழித்து அதே தேதியில் நாமும் விடுதலை பெற்றோம்!

இங்ஙனம் அகராதி எழுதுவதே குற்றமாயிருந்த பாஷையில் இன்று பாடப்படும் பாட்டைத்தான் நமது வீட்டுப் பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். 2018 மே மாதத்தில் பி.டி.எஸ். குழுவினரின் இசைத்தொகுப்பு ஒன்று அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை வெளியிடும் தொகுப்புகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது. கொரியர் எவரும் அதற்கு முன் அவ்விடம் பெற்றதில்லை. 2020-ன் இறுதியில், பெரும்பாலும் கொரிய பாஷையிலேயே அமைந்த அவர்கள் பாட்டு ஒன்று, தனிப்பாட்டுகளின் பட்டியலில் புகுந்த வாரமே முதலிடத்தில் நின்றது. அதற்குச் சில மாதம் முன்பு அவர்கள் ஆங்கிலத்திலும் பாடி வெற்றி பெற்றதுண்டு. ஆயினும் அவர்கள் நின்று வளர்ந்த அஸ்திவாரம் தாய்மொழியே.

நாஞ்சில் நாட்டார் கவனிக்கவேண்டிய விசேஷம் மற்றொன்றுண்டு. அக்குழுவின் எழுவரில் தலைநகரமாகிய சியோலில் பிறந்து வளர்ந்தவர் அதிகமில்லை. இருவர் தேகு நகரத்தார். இருவர் பூசான் துறைமுகத்தார். ஒருவர் குவாங்ஜூ நகரத்தார். 2013-ல், அவர்கள் அரங்கேறிய வருஷத்திலேயே, தத்தம் வட்டாரப் பேச்சு வழக்குகளைக் கொண்டே ஒரு பாட்டைப் பாடி வெளியிட்டனர். வெளியூர்ப் பேச்சு இழிவு என்று நாணவில்லை. அதனையே கொடியாகப் பிடித்தனர். நம் கதை என்ன? நமது பேச்சைத் தோப்பில் முகம்மது மீரானும் நாஞ்சில் நாடனும் நாவலிலும் கதையிலும் ஏற்றினர். சாகித்திய அகாதமி 1997-லும் 2010-லும் அவர்களுக்குப் பரிசளித்தது. எழுத்தில் மகுடம் சூடிய இப்பேச்சு சினிமாப் பாட்டில் மட்டும் இன்னும் வாசலிலேயே நிற்கிறது. பாஷையின் பொருட்டுப் போராடி 1956 நவம்பர் 1-ந் தேதி தாயகத்தோடு இணைந்த ஜில்லா இது. நாவின் உரிமை இன்னதென்று நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுமோ?

கொரியருக்கு இவ்வுயர்வு தானே வந்து வாய்த்ததன்று. 1994-ல் அந்நாட்டு ஜனாதிபதிக்கு விஞ்ஞான ஆலோசனைச் சபையார் ஓர் அறிக்கை சமர்ப்பித்தனர். ஜுராஸிக் பார்க் என்னும் ஒரே விஞ்ஞானக் கற்பனைப் படம் ஒரு வருஷத்தில் ஈட்டிய பணம், பதினைந்து லட்சம் ஹூண்டாய் மோட்டார் வண்டிகளை ஏற்றுமதி செய்வதால் வரும் பணத்திற்குச் சமானம் என்று அதில் கண்டிருந்தது. தேசமே திடுக்கிட்டது. இரும்பும் எஃகும் மட்டுமே செல்வமல்ல, கற்பனையும் செல்வமே என்று உணர்ந்தது. அந்த ஹூண்டாய் கம்பெனியார் 1996-ல் நமது ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலைக்கு அடிகோலினர். 1998-ல் அங்கிருந்து வண்டிகள் வெளிவந்தன. கொரியரின் வண்டியை நாம் வரவேற்றோம். அதற்கு நிலமும் நீரும் கொடுத்தோம். நம் வாலிபர் அங்கே வேலை செய்வதைப் பெருமையாகப் பேசுகிறோம். அவர்களது பாட்டு மட்டும் ஆகாது என்பது என்ன நியாயம்?

1997-ல் பணநெருக்கடியால் அத்தேசம் திவாலாகும் தறுவாயில் இருந்தது. மறு வருஷம் ஜனாதிபதியான கிம் டே ஜுங், கலைத் தொழில்களை வளர்ப்பதற்கென்றே 1999-ல் சட்டம் இயற்றுவித்தார். சர்க்கார் உதவ வேண்டும், தலையிடலாகாது என்பது அவர் கொள்கை. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, ஒவ்வொரு தியேட்டரும் வருஷத்தில் இத்தனை நாள் சுதேசப் படமே காட்ட வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. அது 146 நாளாக இருந்து, அமெரிக்காவின் நெருக்குதலால் 2006-ல் 73 நாளாகக் குறைக்கப்பட்டது. அப்போது அந்நாட்டு நடிகர்கள் தெருவில் நின்று மறியல் செய்தனர். நமது தேசத்தில் சுதேசித் துணிக்கு நடந்ததை அவர்கள் சுதேசிப் படத்திற்குச் செய்தனர் என்று சொல்லலாம்.

அவ்வாறு காக்கப்பட்ட கலை என்ன கனி தந்தது? பாங் ஜூன் ஹோ என்பார் 2006-ல் எடுத்த ஒரு படத்தில், சியோல் நகரத்து ஹான் நதியிலிருந்து ஒரு கொடிய பிராணி வெளிப்பட்டு ஜனங்களைத் தூக்கிச் செல்கிறது. வெறும் பூதக்கதை அன்று. 2000-ல் அமெரிக்கப் பட்டாளத்தார் தங்கள் பாசறையில் விஷ மருந்தைச் சாக்கடையில் கொட்டச் செய்த உண்மைச் சம்பவமே அதன் வித்து. அந்த வித்தை ஒரு பெட்டிக்கடைக்காரக் குடும்பத்தின் துயரமாக வளர்த்து, நகையும் கண்ணீரும் கலந்து காட்டினார். அந்நாட்டில் மட்டும் ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் அதைக் கண்டனர். அவரது வேறொரு படமே 2020-ல் ஆஸ்கார் விழாவில் தலைமைப் பரிசை வென்றது. ஆங்கிலமல்லாத படமொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. சொந்த நதியைப் பற்றிப் பேசியவனே உலகுக்கெல்லாம் பேசினான்!

தமிழருக்கு விஞ்ஞானக் கற்பனை புதிதன்று. 1963-லேயே கலை அரசி என்னும் படத்தில் வேற்றுக் கிரகத்தார் வந்திறங்கினர். எந்திரன் 2010-லும், இன்று நேற்று நாளை 2015-லும், அயலான் 2024-லும் வந்தன. குறை சொல்வது நமது நோக்கமன்று. இவற்றுள் சிலவற்றை நாம் மகிழ்ந்து பார்த்தோம். ஆயினும் ஒன்று கேட்போம். நம் ஜில்லாவின் எல்லையிலே மகேந்திரகிரி நிற்கிறது. 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரனில் இறங்கிய சந்திரயான் 3-ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் என்ஜின் சோதிக்கப்பட்டது அம்மலையடிவாரத்திலேதான். 2018-ல் இஸ்ரோவின் தலைமையை ஏற்ற ஸ்ரீ கே. சிவன், நாகர்கோவிலையடுத்த சரக்கல்விளையில் பிறந்து தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர். 2025 ஜனவரியில் அப்பதவியை ஏற்ற ஸ்ரீ வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனஸைட் உண்டென்பது, 1909-ல் இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்ட ஒரு ஜெர்மானியரால் வெளிப்பட்டது. அந்த மணலிலே அணுசக்திக்குரிய தோரியம் இருக்கிறது. 2017 நவம்பர் 30-ந் தேதி ஓகிப் புயலில், ஆழ்கடலில் இருந்த நம் மீனவர் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. ராக்கெட்டும் அணுவும் கடலும் மரணமும் ஒரே ஜில்லாவில்! கற்பனைக்கு இதனினும் வேறு களம் வேண்டுமோ? இதைப் படமாக எடுத்தவர் யார்? எவருமில்லையெனில், நமது பிள்ளைகள் ஹான் நதியைத் தேடிப் போவதில் வியப்பென்ன?

கொரியரின் முறை முழுதும் கொள்ளத்தக்கதென்று நாம் சொல்லவில்லை. வக்கீல் என்ற முறையில் அவர்களது ஒப்பந்தங்கள் நமக்கு அருவருப்பே தந்தன. சிறு பிராயத்திலேயே பிள்ளைகளைச் சேர்த்து, வருஷக்கணக்காய்ப் பயிற்றி, நீண்ட காலத்திற்குக் கம்பெனியோடு பிணைத்துவிடுவது அங்கே வழக்கமாயிருந்தது. 2009-ல் ஒரு புகழ்பெற்ற குழுவின் மூவர், பதின்மூன்று வருஷ ஒப்பந்தம் அநீதியென்று கோர்ட்டில் வழக்கிட்டனர். அதே வருஷத்தில் அந்நாட்டு வாணிப நியாயக் கமிஷனார், ஏழு வருஷத்திற்கு மேற்படாத மாதிரி ஒப்பந்தத்தை வகுத்தனர். பளபளப்பான மேடைக்குப் பின்னே உழைப்பும் கண்ணீரும் இருப்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுதல் பெரியோர் கடமை. செல்போனைப் பிடுங்குவதைக் காட்டிலும் இது பயனுள்ள கண்டிப்பாகும்.

இனி, கொரியர் நமது உறவினர் என்று கூறிப் பெருமை கொள்வோரும் நம்மிடையே உண்டு. 13-ம் நூற்றாண்டில் ஒரு பௌத்த பிக்ஷு தொகுத்த கொரிய நூலில், கி.பி. 48-ல் ஆயுத என்னும் தேசத்து ராஜகுமாரி கடல் கடந்து வந்து அந்நாட்டு அரசனை மணந்தாள் என்ற கதை காணப்படுகிறது. அது அயோத்தி என்று கொண்டு, 2001-ல் அங்கே நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது. அன்று, நமது குமரிமுனைப் பக்கத்து ஆய் நாடே அது என்பர் சிலர். கதை இனியது, ஆனால் எந்தக் கோர்ட்டிலும் நிற்கத்தக்க சாட்சியம் இதற்கில்லை. ஒருவரை மதிப்பதற்கு அவர் நம் மாமன் மகளாயிருக்க வேண்டுமென்பதில்லை. உறவு கொண்டாடுவதால் நமக்கு ஒரு பாட்டும் பிறக்காது.

பாட்டு எங்கே பிறக்கும்? நம்மிடம் வில்லுப்பாட்டு உண்டு. கோயில் கொடைகளில் இரவெல்லாம் ஜனங்களை விழிக்க வைத்த கலை அது. 1908-ல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், அவ்வில்லை மேடையிலேற்றி நகைச்சுவையோடு சீர்திருத்தமும் புகட்டினார். இன்று அதைக் கற்க வரும் வாலிபனுக்குச் சம்பளமும் மேடையும் கொடுப்பார் யார்? கொரியர் தம் பழைய தாளத்தைப் புதிய வாத்தியத்தோடு சேர்த்துப் பார்க்கத் தயங்கவில்லை. நாமோ, பழையதைப் பொருட்காட்சியில் வைத்துப் பூட்டிவிட்டு, புதியதைத் தேடும் பிள்ளைகளைத் திட்டுகிறோம்.

ஆகவே, தேச ஊழியம் செய்யும் நமது நேயர்களுக்கு இவ்விஷயத்தில் செய்ய வேண்டிய வேலை உண்டு. தமிழ்நாட்டு சர்க்கார் கலைத்தொழிலுக்கெனத் தனிச் சட்டமும் நிதியும் ஏற்படுத்துமாறு கேளுங்கள். அந்நிதியைக் கொடுக்கும் கை, பாட்டின் கருத்தைத் திருத்தும் கையாய் இருக்கலாகாதென்றும் வற்புறுத்துங்கள். இளம் கலைஞரைக் காக்கும் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுக்கச் செய்யுங்கள். அதற்கு வேண்டிய சட்ட உதவியைச் செய்ய நம் போன்ற வக்கீல்கள் முன்வர வேண்டும். ஜில்லாவிலுள்ள கல்லூரிகளும் வாசகசாலைகளும் வருஷந்தோறும் நாஞ்சில் பேச்சில் புதுப்பாட்டுக்கும், இம்மண்ணைப் பற்றிய விஞ்ஞானக் கதைக்கும் பரிசு வைக்கட்டும். வீட்டிலோ, பிள்ளையின் அருகே அமர்ந்து, “இந்தப் பாட்டின் பொருள் என்ன மக்களே?” என்று அன்போடு கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள், மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தே கேட்கிறார்கள் என்பது அப்போது உங்களுக்கு விளங்கும்.

பிறர் வீட்டு விளக்கை ஊதி அணைப்பதனால் நம் வீடு பிரகாசிக்காது. எண்ணெய் இருக்கிறது, திரி இருக்கிறது, ஏற்றுவதற்குக் கை நீட்டுவோமாக.